பலிபீடத்தருகே ஒரு விண்மீன்

வைகாசிக் கடைசியில் வெக்கை தாங்காமல் மொட்டை மாடியில் பாய் விரிக்கும் வழக்கம், சித்தூருக்கும் திருப்பதிக்கும் குடிவந்த நம்மிடமும் உண்டு. திருப்பதியில் வடவானத்தைத் திருமலை மறைக்கும். தென்வானமோ திறந்து கிடக்கும். நள்ளிரவில் அங்கே விருச்சிகம் வாலைச் சுருட்டி நிற்பதைக் காணலாம். அவ்வாலே மூல நட்சத்திரம். அதற்கும் கீழே, அடிவானத்தை நெருங்கி, மங்கலான மீன்கள் சில உண்டு. மேலைநாட்டார் அக்கூட்டத்தைப் பலிபீடம் என்றனர். கோயிலூர்வாசிகளாகிய நமக்கு அப்பெயரை விளக்க வேண்டுவதில்லை. வெறுங்கண்ணுக்குப் புலனாகாத ஒரு விண்மீன் அங்கே, மனிதர் பார்த்திருக்கும்போதே, அந்திமக் கோலம் பூண்டது.

விண்மீனின் அந்திமம் எத்தகையது? சூரியனைப் போன்றதொரு விண்மீன் தன் நடுவிலுள்ள ஹைட்ரஜனை ஹீலியமாக்கி ஒளிர்கிறது. அந்த எரிபொருள் தீர்ந்ததும் நடுப்பகுதி சுருங்கிச் சூடேற, வெளிப்பகுதி பருத்துச் சிவக்கிறது. ஹீலியமும் எரிந்து கரியும் பிராணவாயுவுமாக மாறியபின், வெளியுறைகள் மெல்ல மெல்லக் கழன்று விண்வெளியிற் பரவுகின்றன. உள்ளிருந்த கரு வெளிப்பட்டு, அதன் வெப்பம் முப்பதாயிரம் டிகிரியை நெருங்கும்போது, அது வீசும் புற ஊதாக் கதிர்களால் முன்பு உதிர்ந்த வாயு ஒளிவிடத் தொடங்குகிறது. 1780களில் வில்லியம் ஹெர்ஷல், தொலைநோக்கியில் வட்டத் தட்டாய்த் தோன்றிய இவற்றுக்குக் கிரக நெபுலா என்று பெயரிட்டார். கிரகத்துக்கும் இதற்கும் யாதொரு உறவும் இல்லை. சிறுவயதில் இட்ட செல்லப்பெயர் போலப் பெயர் ஒட்டிக்கொண்டது. சில பதினாயிரம் ஆண்டுகளில் வாயு கலைந்துவிடும். கரு வெண்குள்ளனாய்க் குளிர்ந்துகொண்டே கிடக்கும். விருச்சிகத்தின் நெஞ்சிலுள்ள கேட்டை இவ்வழியில் செல்லாது. அது மிகப் பெரியது, வெடித்தே முடியும்.

இம்மாற்றங்களுக்குப் பொதுவாக நூற்றாண்டுகளும் ஆயிரத்தாண்டுகளும் வேண்டும். ஆகவே, வெவ்வேறு பருவத்திலுள்ள பல விண்மீன்களைப் பார்த்து வரலாற்றை ஊகிப்பதே அறிஞர் வழக்கம். அதற்கு விலக்காய் வந்தது, நாம் கூறிய பலிபீடத்து விண்மீன். பட்டியலில் அதன் பெயர் எஸ்.ஏ.ஓ. 244567. 1971இல் அதன் வெப்பம் ஏறத்தாழ 21,000 டிகிரி. நெபுலாவின் அடையாளம் அதில் இல்லை. பெங்களூர் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்து எம். பார்த்தசாரதியும் உடன் ஆய்ந்தோரும் பின்னாளில் எடுத்த நிறமாலைகளை ஆராய்ந்தனர். நெபுலாவுக்கே உரிய ஒளிக்கோடுகள் பளிச்சிட்டன. நாற்பது ஆண்டுகளுக்குள் ஒரு விண்மீன் கிரக நெபுலாவாகிவிட்டது என 1993இல் அவர்கள் அறிவித்தனர். (சித்தூருக்குத் தெற்கே, ஜவ்வாது மலைக் காவலூரில் இருக்கும் வான் ஆய்வுக்கூடம் இந்நிறுவனத்தாருடையதே.) ஹப்பிள் தொலைநோக்கி 1996இல் எடுத்த படத்தைக் கண்டோர், அதனைத் திருக்கை மீனுக்கு ஒப்பிட்டுப் பெயரிட்டனர்.

வியப்பு அத்தோடு நிற்கவில்லை. 2002இல் 60,000 டிகிரி வரை ஏறிய வெப்பம், 2015க்குள் 50,000 டிகிரிக்கு இறங்கிவிட்டது. 2016இல் ஹப்பிள் மறுபடி நோக்கியபோது, நெபுலாவின் ஒளியும் பெரிதும் குன்றியிருந்தது. கருவைச் சூழ்ந்த ஹீலியம் உறை திடீரெனப் பற்றியெரிந்ததால் விண்மீன் வந்த வழியே திரும்புகிறது என்று கருதுகின்றனர். ஆயினும், இவ்வளவு விரைவுக்கு எந்தக் கணக்கும் முற்றப் பொருந்தவில்லை. அது மீண்டும் பருத்துச் சிவக்குமா என்று தென்கோளத்துத் தொலைநோக்கிகளைத் திருப்பிக் காத்திருக்கின்றனர்.