ஊழ் என்னும் சொல்லுக்குரிய இடம்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



விதியையும் மனித முயற்சியையும் பற்றிப் பேசுமாறு செயலாளர் எம்மைப் பணித்தார். புலவர் பேச வேண்டிய பொருள் இது. யாமோ பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்து, ரெயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிப்பவர். ஆயினும் விதி என்னும் சொல் நம் குடியிருப்பில் நாள்தோறும் புழங்குவது. பிள்ளை தேர்வில் தவறினால் தலையெழுத்து; மகளுக்கு வரன் அமையாவிடில் தலையெழுத்து; மாடிக் குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் தலையெழுத்து! (கடைசியாகச் சொன்னது பெரும்பாலும் மோட்டார்ப் பழுதே என்பதை யாவரும் அறிவோம்.) இத்தனை எளிதாகப் புழங்கும் சொல்லைச் சற்று நிறுத்துப் பார்ப்பது தகும்.

இந்த ஆராய்ச்சி தமிழருக்குப் புதிதன்று. புத்தர் காலத்தவரான மற்கலி கோசாலர் என்பார், நியதி ஒன்றே மெய், மனிதன் முயற்சியால் ஆவது யாதொன்றும் இல்லை என்று போதித்தார். உருட்டிவிட்ட நூலுருண்டை தன் நீளம் தீருமட்டும் ஓடி நிற்பதுபோல் உயிர்களும் பிறவிதோறும் ஓடித் தீரும் என்பது அவர் கொள்கை எனப் பௌத்த நூல்கள் கூறும். அவர் வழியினரான ஆசீவகர் தமிழகத்திலும் வாழ்ந்தனர். வஞ்சி நகரில் மணிமேகலை பல சமயவாதிகளிடம் அவரவர் கோட்பாட்டைக் கேட்கிறாள். அவர்களுள் ஆசீவகரும் ஒருவர். நீலகேசி என்னும் சமண நூலில் ஆசீவக வாதத்திற்கெனத் தனிப் பகுதியே உண்டு. எமக்குத் தோன்றும் ஐயம் எளியது. முயற்சி பயனற்றது என்று மெய்யாகவே நம்பும் ஆசிரியர், அதனை மாணவர்க்கு எடுத்துரைக்க அத்துணை முயல்வானேன்?

வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார், முப்பத்தெட்டாவது. அதன் வலிமைக்கு முன் வேறெதுவும் நில்லாது என்கிறார். பின்னர் அறுபத்திரண்டாம் அதிகாரமாகிய ஆள்வினையுடைமையில், தளராது உழைப்போர் அந்த ஊழையே புறங்காண்பர் என்கிறார். இஃது முரண் அன்றோ என்று மாணவர் வினவுவதுண்டு. அதிகாரங்கள் அமைந்த இடத்தைப் பார்த்தால் ஒரு விளக்கம் எமக்குத் தோன்றுகிறது. ஊழ் நிற்பது அறத்துப்பாலின் இறுதியில். ஆள்வினை நிற்பது பொருட்பாலின் அரசியலில். அஃதாவது, பிறர் வாழ்வைப் பொறுப்பேற்று நடத்துவோனுக்குச் சொல்லும் பகுதியில். தன் துயரை ஆற்றிக்கொள்ள ஒருவன் ஊழை நினைக்கலாம். ஆட்சிப் பொறுப்பில் அமர்ந்தவன் அதனை நினைக்கலாகாது. இது புலவர் ஒப்பிய உரையா என்பதைப் புலவரே கூறட்டும்.

சிலப்பதிகாரம் இதனை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. ஊழ்வினை விடாது என்பதை நூலின் பதிகமே அறிவிக்கிறது. ஆயினும் கதைக்குள்ளே கண்ணகியின் செவிக்கு அச்செய்தி எப்போது எட்டுகிறது? கணவன் கொலையுண்டான் எனக் கேட்ட உடனே அன்று. அவள் அரண்மனை வாயிலுக்குச் சென்று, அவையேறி வழக்குரைத்து, சிலம்பை உடைத்துக் காட்டிய பின்; பாண்டியன் தானே கள்வன் என ஒப்பி அரியணையிலேயே உயிர் நீத்த பின்; மதுரை எரிந்துகொண்டிருக்கும் வேளையில். அப்போதுதான் மதுராபதித் தெய்வம் அவளை அணுகி, கலிங்க நாட்டில் முற்பிறவியில் கோவலன் பரதனாய் இருந்து, சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் எனக் கூறிக் கொல்வித்த கதையைச் சொல்கிறது. அக்கதையை முன்னரே யாரேனும் சொல்லி, கண்ணகி ஆயர் சேரியிலேயே அமர்ந்து அழுதிருந்தால் சிலம்பு உடைந்திராது. அரசனின் பிழை வெளிப்பட்டிராது. பாண்டியனும் ‘இவன் வினை இவனைக் கொன்றது’ என்று சொல்லியிருக்கலாம். அவன் வாயில் அச்சொல் வரவில்லை.

இனி எம் துறைச் செய்தி ஒன்று. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் விடியற்போதில், சென்னையிலிருந்து தூத்துக்குடி சென்ற விரைவு வண்டி, அரியலூருக்கு அப்பால் மருதையாற்றுப் பாலத்தருகே வெள்ளத்தில் வீழ்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மழை மனிதன் கையில் இல்லை. டெல்லியில் இருந்த ரெயில்வே அமைச்சர் லால்பகதூர் சாஸ்திரி அந்தப் பாலத்தைக் கட்டியவரும் அல்லர். காவல் காத்தவரும் அல்லர். அதே ஆண்டில் மகபூப்நகர் அருகே நேர்ந்த விபத்துக்காக அவர் பதவி விலக முன்வந்தபோது நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பின் மீண்டும் விலகல் கடிதம் கொடுத்தார், அது ஏற்கப்பட்டது. மருதையாறும் மதுரையும் ஒரே தமிழகத்தில்தானே உள்ளன!

எம் துறையில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. பெரும் விபத்துகளை விசாரிக்கும் ரெயில்வே பாதுகாப்பு ஆணையர் ரெயில்வே அமைச்சகத்தின் கீழ் வருவதில்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருகிறார். 1941-லேயே இந்தப் பொறுப்பை ரெயில்வே வாரியத்திலிருந்து பிரித்துவிட்டார்கள். தன் பிழையைத் தானே விசாரிப்பவனுக்கு ஊழ் என்னும் சொல் மிக எளிதில் வாயில் வந்துவிடும் அல்லவா?

நம் நகரையே எடுத்துக்கொள்வோம். 2017 செப்டம்பர் 29 அன்று எல்பின்ஸ்டன் ரோடு நிலையத்தில், மழைக்கு ஒதுங்கி நின்ற கூட்டம் குறுகிய படிக்கட்டில் நெரிந்து 23 பேர் உயிரிழந்தனர். மழை அன்று வந்தது ஊழ் எனலாம். படியின் அகலத்தை எவ்வாறு ஊழ் என்பது? இராணுவப் பொறியியலாளர் அங்குப் புதிய நடைபாலம் அமைக்க, அடுத்த பிப்ரவரி இறுதியில் அது திறக்கப்பட்டது. இடையில் கழிந்தவை ஐந்து மாதங்கள். இன்று பிரபாதேவி எனப் பெயர் மாறிய அந்நிலையத்தைக் கடக்கும்போதெல்லாம் அந்த ஐந்து மாதக் கணக்கே எம் நினைவுக்கு வருகிறது.

நாள்தோறும் நாம் ஏறும் மின்வண்டியிலும் இப்பொருளுக்கு ஒரு பாடம் உண்டு. வண்டியைச் செலுத்தும் மோட்டார்மேன் தம் கைப்பிடியை அழுத்திக்கொண்டே இருத்தல் வேண்டும். அவருக்கு மாரடைப்பு வந்து கை தளர்ந்தால், தடை தானே விழுந்து வண்டி நின்றுவிடும். அவர் உயிர் அந்த நொடியில் போவது யார் கையிலும் இல்லை. ஆனால் அவர் பின்னே வரும் ஆயிரக்கணக்கானோரின் உயிரை அந்த நொடியோடு பிணைக்காமல் ஒருவர் யோசித்திருக்கிறார். அந்தக் கைப்பிடியை வகுத்தவர் ஊழை மறுத்தவரும் அல்லர். அதற்கு அடிபணிந்தவரும் அல்லர்.

இவ்வளவும் சொன்னதற்குக் காரணம் ஒன்றுண்டு. இந்நகரின் புறநகர்த் தண்டவாளங்களில் 2019 என்ற ஓராண்டில் மட்டும் ஈராயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அத்தகைய வீடுகள் நம்மிடையேயும் உள்ளன. கணவனை அவ்வாறு இழந்த ஒரு தாயார், “அவர் விதி அவ்வளவுதான்” என்று அமைதியாகச் சொன்னதை யாம் கேட்டோம். அதனை மறுக்க எமக்கு வாய் வரவில்லை, மறுத்தலும் முறையன்று. அது அவர் தம் நெஞ்சை நிறுத்திக்கொள்ளப் பற்றிய கொம்பு. ஆனால் அதே சொல்லைச் சுற்றி இருந்த உறவினரும் சொன்னார்கள், சொல்லிவிட்டுக் கலைந்தார்கள். இழப்பீடு கோரி விண்ணப்பிக்க ஓராண்டுதான் கெடு என்பதை ஒருவரும் சொல்லவில்லை.

சட்டமோ இவ்விடத்தில் நம்மினும் நுட்பமாய்ச் சிந்தித்திருக்கிறது. ஓடும் வண்டியிலிருந்து பயணி தவறி விழுந்தால், ரெயில்வேயின் பிழை இருப்பினும் இல்லாவிடினும் இழப்பீடு உண்டு. 2017 ஜனவரி முதல் உயிரிழப்புக்கு அத்தொகை எட்டு லட்சம் ரூபாய். தற்கொலை, தானே செய்துகொண்ட காயம், தன் குற்றச்செயல், குடிமயக்கம், இயல்பான நோய் முதலியவற்றிற்கு இல்லை. அப்படியானால் கூட்டத்தில் தொங்கிச் சென்றது அவரே தேடிக்கொண்டது ஆகாதா? ஆகாது என்று 2018-ல் ரீனா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது: அசட்டை வேறு, தன்னை மாய்க்கும் எண்ணம் வேறு. பயணச்சீட்டு உடலருகே கிடைக்காதது ஒன்றே வழக்கைக் கெடுத்துவிடாது என்றும் கூறியது. மனிதன் எதுவரை தன் செயலுக்குத் தானே உரியவன் என்று தத்துவ நூலார் நெடுங்காலமாய் வினவுவதற்கு, இங்கே ஒரு நடைமுறை எல்லைக்கோடு கிடைக்கிறது.

எவர் பிழையும் இல்லாத துன்பமும் உண்டு. பரேலில் உள்ள டாட்டா நினைவு மருத்துவமனைக்கு ஊரிலிருந்து வரும் குழந்தைகளைக் காண்கிறோம். அங்கே விசாரணை ஆணையரும் இல்லை, அறிக்கையும் இல்லை. அவ்விடத்தில் முற்பிறவிக் கதை சொல்லும் பெரியோர்களைக் கைகூப்பி வேண்டுகிறோம்: அக்குழந்தையின் தாய் காது கேட்க அதனைச் சொல்லற்க. துன்பத்தின் பொருள் என்னவென்று எமக்குத் தெரியாது. ஆனால் கோயம்புத்தூர் வண்டியில் வந்து குர்லா முனையத்தில் இறங்கும் அக்குடும்பத்துக்கு இந்தி பேசத் துணைக்கு ஒருவர் வேண்டும் என்பது தெரியும்.

ரெயில் விபத்தில் இழப்பு நேர்ந்து ஓராண்டு கடவாத வீட்டார் யாரேனும் இருப்பின், ஞாயிறு காலை சங்கப் படிப்பகத்தில் எம்மைக் காணலாம். சீசன் டிக்கெட், காவல்துறை அறிக்கை, பிணப் பரிசோதனைச் சான்று ஆகியவற்றில் கைக்குக் கிடைப்பதைக் கொண்டு வருக. கெடு கடந்திருப்பினும் வருக. தக்க காரணம் காட்டினால் தீர்ப்பாயம் ஏற்பதற்கும் இடமுண்டு.