பெருத்த இருதயமும் சத்திரசிகிச்சையும்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)

பழைய மாணவிகளான நாங்கள் இன்று தாதியராகப் பணிபுரிகிறோம்.

ஹாலிஎலத் தோட்டங்களில் அம்மாவுக்கு மூச்சு வாங்கினால் மலை ஏறியது என்போம். கால் வீங்கினால், நாள் முழுக்க நின்று கொழுந்து எடுத்த கால் என்போம். தலையணையை உயர்த்தி வைத்துப் படுத்தால் வயது என்போம். மூன்றும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால், இருதயம் பெருத்துப் பலவீனமாகி இருக்கக்கூடும்.

பெருத்ததை வெட்டிச் சிறிதாக்கினால் போதாதா? 1990களில் பிரேசில் நாட்டு டொக்டர் ரண்டாஸ் பட்டிஸ்டா அதைத்தான் செய்தார். இடது கீழறைச் சுவரில் ஒரு துண்டை வெட்டியெடுத்து, மிகுதியைத் தைத்தார். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பலருக்கு இருதயம் மீண்டும் தளர்ந்தது. அந்த முறை பெரும்பாலும் கைவிடப்பட்டது. பெருப்பது விளைவுதான், காரணத்தைத் தேட வேண்டும்.

இரத்தக்குழாய் அடைப்பென்றால் பைபாஸ் உண்டு. சிறுவயதில் தொண்டை நோவுக்குப் பின் வந்த வாதக்காய்ச்சல் வால்வைக் கெடுத்திருந்தால், அதைத் திருத்தலாம் அல்லது மாற்றலாம். அறைகள் ஒன்றுக்கொன்று இசையாமல் துடித்தால், சிலருக்கு விசேட பேஸ்மேக்கர் உதவும். பிள்ளைப்பேற்றை ஒட்டி வரும் இருதயப் பெருப்பு பலருக்கு மருந்திலேயே தேறும். எது என்று அறிய முதலில் எக்கோ பரிசோதனை வேண்டும். பிந்தினால் வழிகள் குறையும்.

எதிலும் தேறாதவர்களுக்கு இயந்திரப் பம்பு உண்டு. அதன் விலை நமக்கு எட்டாதது. மற்றது மாற்று இருதயம். 1967 டிசம்பரில் கேப் டவுனில் டொக்டர் கிறிஸ்டியன் பார்னார்ட் உலகில் முதன்முதலாக மனித இருதயமொன்றை இன்னொரு மனிதருக்கு மாற்றினார். நோயாளி 18 நாட்களே வாழ்ந்தார். இன்று பலர் பத்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்கிறார்கள். 2017இல் இலங்கையின் முதல் மாற்று இருதய சத்திரசிகிச்சை நமக்கு அருகே, கண்டி போதனா வைத்தியசாலையில் நடந்தது.

அந்த இருதயத்தைத் தந்தது மூளைச்சாவடைந்த ஒருவரின் குடும்பம். துக்கத்தின் நடுவே அவர்கள் சம்மதித்தார்கள்.

ஆகவே சகோதரிகளே, எங்கள் வேண்டுகோள் இரண்டு. எங்கிருந்தாலும் இன்றிரவு அம்மாவுக்கு ஒரு கோல் எடுத்து, எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார் என்று கேளுங்கள். கூடுதலாகச் சொன்னால், பிந்தாமல் பதுளை வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். அடுத்து, உறுப்புத் தானம் பற்றிய உங்கள் விருப்பத்தை வீட்டாருக்குச் சொல்லி வையுங்கள். அந்த நேரம் வந்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்களே.