வீணை பழகிய கையில் மின்சார கிதார்

மின்சார கிதாரைப் பற்றி நம்மவரிடையே ஓர் எண்ணம் ஊறிப் போயிருக்கிறது. அது கூச்சலிடும் வாத்தியம். இளைஞர் கூட்டத்துக்கு உரியது. நம் சங்கீதத்துக்கும் அதற்கும் உறவில்லை என்பர். அத்தகைய கிதார் ஒன்றை அண்மையில் விலைக்கு வாங்கி, ஒரு மாத காலம் மடியில் வைத்துப் பழகியதில் என் மனத்தில் பட்டவற்றை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். நான் கிதார் வித்துவான் அல்லன். இளமையில் சில ஆண்டுகள் வீணை பயின்றவன். ஆதலால் இதை வீணைக்காரன் ஒருவனது மதிப்பீடாகவே கொள்ள வேண்டும்.

வீணை இருக்கக் கிதார் எதற்கு என்று ஊரில் இருப்பவர் கேட்கலாம். வெளி மாநிலங்களில் குடியிருக்கும் தமிழர் கேட்கமாட்டார்கள். தஞ்சாவூர் வீணையின் 24 மெட்டுகளும் மெழுகின்மேல் நிற்பவை. வெப்பத்தில் மெழுகு இளகும். நெடும் பிரயாணத்தில் மெட்டு நகரும். அவ்வாறு சுருதி கலைந்த வீணைக்கு மறுபடியும் மேளம் கட்டுவது யாரும் செய்துவிடக் கூடிய வேலையன்று. செவியும் கையும் ஒருங்கே தேர்ந்த ஒருவர் வேண்டும். கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் வட்டாரத்தில் நல்ல காப்பிப் பொடி கிடைக்கும், வாழையிலை கிடைக்கும். மேளம் கட்டுபவர் நினைத்தபோது கிடைப்பதில்லை. அதனால் எத்தனையோ வீடுகளில் வீணை, சரஸ்வதி பூஜையன்று மட்டும் சந்தனமும் குங்குமமும் பெறும் பொருளாக நின்றுவிடுகிறது. வாத்தியம் இருக்கிறது, விரல் மறந்துவிடுகிறது. என் வீட்டிலும் அதுவே நிலை. விரலைக் காப்பாற்ற வேறு வழி உண்டா என்று பார்க்கத்தான் இரவீந்திர சரணியில், லால் பஜாரை ஒட்டி வரிசையாக நிற்கும் வாத்தியக் கடைகளுக்குப் போனேன்.

கையில் வாங்கியவுடன் தெரிவது அதன் கனம். குடம் இல்லை, உட்குழிவு இல்லை, மூன்றரைக் கிலோ நிறையுள்ள கெட்டியான மரப்பலகை. மின்சாரத்தோடு இணைக்காமல் மீட்டினால் பக்கத்து அறைக்குக்கூடக் கேளாத மெல்லிய ஓசை எழுகிறது. இது குறை போலத் தோன்றினும், வாத்தியத்தின் சிறப்பெல்லாம் இதிலிருந்தே பிறக்கிறது. வீணையில் தந்தியின் அசைவைக் குடம் வாங்கிக் காற்றில் பரப்பிவிடுகிறது. அந்த அளவுக்குத் தந்தியின் வலிமை செலவாகிறது. இங்கே அதைக் கவர்ந்துகொள்ளக் குடம் இல்லாமையால், மீட்டிய தந்தி நெடுநேரம் அசைந்துகொண்டே இருக்கிறது. தந்திக்குக் கீழே காந்தத்தைச் சுற்றிப் பல்லாயிரம் சுற்றுச் செப்புக் கம்பி வைத்திருக்கிறார்கள். இரும்புத் தந்தி அதன் மேலே அசையும்போது கம்பிச் சுருளில் நுண்ணிய மின்னோட்டம் தோன்றுகிறது. 1831ஆம் ஆண்டில் ஃபாரடே கண்ட உண்மைதான் இது. அந்த மின்னோட்டத்தை ஒலிபெருக்கிப் பெட்டி வளர்த்துத் தருகிறது.

இத்தகைய சுருளோடு கூடிய முதல் கிதார் 1931ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் உருவாயிற்று. வறுசட்டி போன்ற அதன் வடிவத்தைக் கொண்டு அதற்கு அப்பெயரையே இட்டு வழங்கினர். அது மடியில் கிடத்தி, உருக்குத் துண்டைத் தந்திமேல் வழுக்கி வாசிக்கும் ஹவாய்க் கிதார் இனம். நம் கோட்டு வாத்தியத்தை அறிந்தவர்க்கு இம்முறை புதிதன்று. வங்காளத்தில் ஹவாய்க் கிதார் வீட்டுக்கு வீடு புகுந்திருந்த காலம் உண்டு. வடுக் நந்தி, சுனில் கங்கூலி ஆகியோர் அதில் இரவீந்திர சங்கீதத்தை வாசித்துப் புகழ்பெற்றனர். நான் வாங்கியது மெட்டுகள் உள்ள வகை. 1950ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் ஃபெண்டர் நிறுவனம் பலகை உடலுடன் வெளியிட்ட வகையின் வழியில் வந்தது.

இனி, வீணைக் கை இதை எவ்வாறு கண்டது என்பதைச் சொல்கிறேன். முதல் இரண்டு நாட்கள் விரல்கள் திசை தெரியாமல் தவித்தன. கிதாரின் ஆறு தந்திகளும் வழக்கமாகச் சேர்க்கப்படும் முறையில், ஒவ்வொன்றும் முந்தியதற்குச் சுத்த மத்யமமாக நிற்கிறது. ஓரிடத்தில் மட்டும் அந்தர காந்தாரம். ஷட்ஜ பஞ்சமங்களில் பழகியவனுக்கு இது அயலூர்த் தெரு. மூன்று தந்திகளை இரண்டிரண்டு மெட்டு அளவுக்கு இறக்கினேன். அப்போது இரண்டு கட்டைச் சுருதியில் ச ப ச ம ப ச என்று அமைந்தது. அந்த மத்யமத் தந்தியைத் தொடாமல் விட்டால், ஏறக்குறைய நம் வீடு.

அதன் பிறகுதான் வியப்பு. இந்த வாத்தியத்தின் மிக மெல்லிய தந்தி, அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் ஒன்பது பங்கு கனமே உடையது. அதை மெட்டின்மேல் பக்கவாட்டில் தள்ளினால் தயங்காமல் வளைகிறது. ஒரே மெட்டில் இரண்டு அரை ஸ்வரங்கள் எளிதில் ஏறலாம். சற்று முயன்றால் மூன்று. வீணையில் கிடைக்கும் அளவுக்கு இழுப்பு இதில் இல்லை என்பது மெய். ஆயினும் நாதம் நெடுநேரம் நிற்பதால், இழுத்ததை மெல்ல இறக்கி, மறுபடியும் அசைக்க அவகாசம் இருக்கிறது. மோகனத்தில் காந்தாரத்தை ரிஷபத்தின் மெட்டிலிருந்தே இழுத்து அசைத்தபோது, பல ஆண்டுகளாகத் தூங்கியிருந்த இடக்கை நடுவிரல் விழித்துக்கொண்டதை உணர்ந்தேன்.

மெட்டுகளைப் பற்றி ஒரு குற்றச்சாட்டு உண்டு, அது நியாயமானதே. கிதாரின் மெட்டுகள் மரத்தில் பதிந்தவை. ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபங்காக வகுத்து அவற்றை அமைக்கிறார்கள். ஸ்தாயியை 1,200 பங்காகக் கொண்டால், தம்புராவோடு இழையும் அந்தர காந்தாரம் 386இல் நிற்கும். கிதாரின் மெட்டிலோ அது 400இல் நிற்கிறது. பஞ்சமத்தில் வேற்றுமை இரண்டே பங்கு. அதைச் செவி பொறுத்துக்கொள்ளும். காந்தாரத்தின் பதினான்கு பங்கைப் பொறாது. ஹார்மோனியத்திலும் இதே குறை உண்டு. அந்த வாத்தியத்தை அகில இந்திய வானொலி 1940ஆம் ஆண்டில் விலக்கிவைத்து, முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரே தடையைத் தளர்த்தியது என்பது நேயர்கள் பலர் அறிந்த செய்தி.

ஆனால் ஹார்மோனியத்துக்கு இல்லாத ஒரு வழி கிதாருக்கு இருக்கிறது. தந்தியை இழுத்தால் ஸ்வரம் ஏறுமேயன்றி இறங்காது. ஆகவே அந்தர காந்தாரத்தின் மெட்டில் விரலை வைத்தவனுக்குக் கதியில்லை. அதற்குக் கீழேயுள்ள மெட்டில் வைத்து மேலே இழுப்பவன், செவி சொல்லும் இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். கீழ் மெட்டிலிருந்து இழுப்பது வீணைக்காரனுக்குப் பிறவிக் குணம் போன்றது. மேல்நாட்டார் அமைத்த மெட்டின் குறையை நம் கமகப் பழக்கமே திருத்திவிடுகிறது. இது நானாகக் கண்ட புதுமையன்று. 1980களில் சுகுமார் பிரசாத் சென்னை மேடைகளில் மின்சார கிதாரில் கச்சேரியே செய்தவர். மின்சார மாண்டலினை உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) எவ்வளவு உயரத்தில் ஏற்றிவைத்தார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலேயரான ஜான் மக்லாஃப்லின், வீணை பயின்ற பிறகு, இழுப்பதற்கு வாகாக மெட்டுகளுக்கிடையே மரத்தைக் குடைந்த கிதார் ஒன்றைச் செய்வித்துக்கொண்டார். ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே பாலுசாமி தீட்சிதர் போன்றோர் பிடிலை நமதாக்கியதை நினைத்தால், இவற்றில் அதிசயம் குறைவே.

ஒலிபெருக்கியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கடையில் ஓர் இளைஞர் அதன் திருகுகளை முழுவதும் திருப்பிக் காட்டினார். பெட்டி தாங்கும் அளவுக்கு மேல் ஒலியைச் செலுத்தினால் ஒலி அலைகளின் முகடுகள் வெட்டுண்டு, கரகரப்பான புதிய நாதங்கள் தோன்றுகின்றன. அவர்கள் சங்கீதத்துக்கு அது அழகு. நமக்கு வேண்டுவது திருகைக் கால் பங்கில் நிறுத்துவதுதான். இரவு வேளையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டால் அடுத்த வீட்டாருக்கு யாதொரு தொல்லையும் இல்லை. அடுக்கு வீடுகளில் வாழ்வோர்க்கு இது பெரிய சௌகரியம்.

தொல்லை வேறிடத்தில் இருக்கிறது. ஒற்றைச் சுருள் உள்ள கிதார், வீட்டு மின்சாரத்தின் இரைச்சலையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறது. நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைவது; அதன் இரைச்சல் இரண்டு கட்டைச் சுருதிக்கு மத்யமத்தையொட்டி, சற்று மேலே விழுகிறது. மத்யமமே இல்லாத மோகனத்துக்கு அழையாத விருந்தாளி! இரண்டு சுருள்களை எதிரெதிராகச் சுற்றி இந்த இரைச்சலை அடக்கும் முறையை 1955ஆம் ஆண்டில் சேத் லவர் என்ற அமெரிக்கர் வகுத்தார். வாங்குவோர் அவ்வகையைத் தேர்ந்தெடுப்பது நலம். எவ்வகையாயினும் மூன்று முனைச் செருகியும், சரியாக நிலத்தோடு இணைத்த மின்வசதியும் இன்றியமையாதவை. தந்திகள் உலோகம், அவை மின்சாரப் பெட்டியோடு தொடர்புடையவை. வாடகை வீட்டில் நிலத்தொடர்பு உண்டா என்பதை மின்பணியாளரைக் கொண்டு சோதித்த பின்னரே கிதாரைத் தொட வேண்டும்.

கொல்கத்தாவின் மழைக்காலத்தில் தந்திகள் விரைவில் துருவேறுகின்றன. வாசித்தவுடன் உலர்ந்த துணியால் துடைத்து வைக்கிறேன். சாதகம் இப்போது மோகனத்திலிருந்து சங்கராபரணத்துக்கு வந்திருக்கிறது. காந்தாரம் வசப்பட்டுவிட்டது. காகலி நிஷாதந்தான் அடங்கவில்லை. கைசிகியின் மெட்டிலிருந்து அதை இழுக்கும்போது மெல்லிய தந்தி விரல் நுனியிலிருந்து நழுவிவிடுகிறது. ஒரு சுற்றுக் கனமான தந்திகளை மாட்டிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.