வண்டி நம்முடையது, ஸ்பேனரும் நம்முடையதாக இருக்கட்டும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



தொழில் செய்யும் உறுப்பினர்கள் ஆளுக்கு ஒரு விஷயம் பேசவேண்டும் என்று சொன்னார்கள். மாவு அரைப்பதைப் பற்றிப் பேசுவேன் என்று நினைத்திருப்பீர்கள். நான் வேனுக்கு ஆயில் மாற்றுவதைப் பற்றி, அதிலும் அதற்கான கருவியைப் பார்த்து வாங்குவதைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்கிறீங்க. பரவாயில்லை, சிரிச்சுக்கிட்டே கேளுங்க. இந்த மண்டபத்துக்கு வெளியே நம்ம உறுப்பினர்களின் ஆட்டோவும் வேனும் எத்தனை நிற்குது என்று வரும்போது எண்ணிக்கிட்டுத்தான் வந்தேன்.

எங்கள் குழுவில் நாலு பேர் சேர்ந்து, தொழில் கடனில் ஒரு பழைய ஆம்னி வேன் வாங்கினோம். இட்லி மாவும் மசாலாப் பொடியும் கடை கடையாகப் போடுகிறோம். வண்டி ஓட்டுவது நான். ஆம்னி 1984-ல் வந்து, 2019-ல் தயாரிப்பு நின்றுபோன வண்டி. 796 சிசி, 3 சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், முன் சீட்டுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும். ஆயில் மாற்றக் கடையில் விட்டால், காலையில் விட்டது சாயங்காலம்தான் வரும். கடன் தவணை நமக்காக நிற்குமா? மாவு நிற்குமா? மாவு புளிச்சுப் போகும்.

அதையும் பொறுத்துக்கிட்டோம். ஒரு தடவை, ஆயிலும் ஃபில்டரும் மாற்றியதாக ஒரு கடையில் பில் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து குனிந்து பார்த்தால், ஃபில்டர் மேல் பழைய மண்ணும் எண்ணெயும் அடையடையாக ஒட்டியிருக்கு. புது ஃபில்டரில் அப்படி இருக்காது. ஆயில் எஞ்சினுக்கு வழுவழுப்பு தரும், சூட்டை வாங்கிக்கும், அழுக்கைச் சுமந்து வரும். அந்த அழுக்கைப் பிடித்து வைக்கிறதுதான் ஃபில்டர். பழைய ஃபில்டரை விட்டுவிட்டுப் புது ஆயில் ஊற்றுவது, கழுவாத பானையில் நல்ல தண்ணீர் பிடிக்கிற மாதிரி. கடைசி ஒரு போல்ட்டின் மூலைகளும் தேய்ந்து உருண்டையாகிக் கிடந்தது. அளவு சேராத ஸ்பேனரைப் போட்டு யாரோ திருகியிருக்கிறார்கள்.

அன்றைக்கு எங்கள் குழுக் கூட்டத்தில் பேசி முடிவெடுத்தோம். இனி ஆயிலை நாமே மாற்றுவது, அதற்கு வேண்டிய கருவியைக் குழுப் பணத்தில் வாங்குவது என்று.

கருவி என்றால் பெரிய பெட்டி நிறைய இல்லை. முக்கியமாக இரண்டே இரண்டு. ஒன்று, ஆயில் சேம்பருக்கு அடியில் இருக்கிற டிரெயின் போல்ட்டைக் கழற்ற. இன்னொன்று, ஃபில்டரைக் கழற்ற.

முதலில் போல்ட். ஸ்பேனர் நம்பர் என்பது போல்ட் தலையில் ஒரு பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் வரை உள்ள அளவு, மில்லிமீட்டரில். எங்கள் வண்டிக்கு 17-ம் நம்பர் சேர்ந்தது. உங்கள் வண்டிக்கு 14 ஆகவோ 19 ஆகவோ இருக்கலாம். மாட்டிப் பார்த்துதான் சொல்லவேண்டும். மாட்டினால் ஆடக்கூடாது. இஞ்ச் அளவு ஸ்பேனர்களும் கடையில் கலந்து கிடக்கும். 16-ல் 11 இஞ்ச் என்று ஒன்று வரும். அது 17.46 மில்லிமீட்டர். 17 போல்ட்டில் அது ஏறும், ஆனால் லேசாக ஆடும். அந்த ஆட்டம்தான் போல்ட் தலையைத் தின்னும். வாய் திறந்த ஸ்பேனரும் இந்த வேலைக்கு வேண்டாம். அது இரண்டு பக்கத்தை மட்டும்தான் பிடிக்கும். சாக்கெட் கேளுங்கள். அதிலும் உள்ளே 6 மூலை உள்ளதாகக் கேளுங்கள். 12 மூலை உள்ளது புது போல்ட்டுக்குச் சரி, தேய்ந்த போல்ட்டில் வழுக்கும். எங்கள் தேய்ந்த போல்ட்டை 6 மூலை சாக்கெட்தான் கழற்றியது. கழற்றிய கையோடு புது போல்ட் மாற்றிவிட்டோம்.

அடுத்தது ஃபில்டர் கழற்றும் கருவி. இது மூன்று விதமாக வரும். கிண்ணம் மாதிரி கவிழ்த்துப் போடுவது ஒன்று. பெல்ட்டோ சங்கிலியோ சுற்றி இறுக்குவது ஒன்று. திருகத் திருக மூன்று கால் இறுகிப் பிடிப்பது ஒன்று. கிண்ணம்தான் நன்றாகப் பிடிக்கும், ஆனால் அளவு அப்படியே சேரவேண்டும். 65 மி.மீ., 14 பட்டை என்று அதன் மேலேயே போட்டிருக்கும். நாலைந்து விதமான வண்டி உள்ள குழுவுக்கு மூன்று கால் கருவி நல்லது. பல அளவுக்கும் சேரும். பெல்ட் கருவிக்குக் கைப்பிடி சுற்ற இடம் வேண்டும். வாங்கும்முன் வண்டிக்கு அடியில் கைவிட்டு இடம் இருக்கா என்று பாருங்கள்.

நான் சொல்ல வந்த முக்கியமான யோசனை இதுதான். கருவியை முதலில் வாங்காதீர்கள். ஃபில்டரை முதலில் வாங்குங்கள். அதைக் கையில் எடுத்துக்கிட்டுப் போய், கடையிலேயே கிண்ணத்தை அதன் மேல் கவிழ்த்துப் பாருங்கள். ஜாக்கெட் தைக்க அளவு ஜாக்கெட் கொடுக்கிறோமே, அதே மாதிரி. கடைக்காரர், 'எல்லாத்துக்கும் இது சேரும்மா' என்பார். சேர்ந்த பிறகு பணம் கொடுங்கள். ஃபில்டரை எடுத்துப் போக முடியாவிட்டால், தையல் டேப்பை எடுத்துக் கிண்ணம் உட்காரும் அடிப்பக்கத்தில் சுற்றளவு பாருங்கள். அதை 3.14-ஆல் வகுத்தால் குறுக்களவு வரும். 20.4 சென்டிமீட்டர் சுற்றளவு என்றால் 6.5 சென்டிமீட்டர், அதாவது 65 மி.மீ. வட்டிக் கணக்குப் போடுகிற நமக்கு இது ஒரு கணக்கா?

ஸ்குரூ டிரைவரை ஃபில்டரில் குத்தித் திருப்பினால் கழன்றுவிடும் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். தகரம் கிழிந்து, கழுத்து மட்டும் எஞ்சினில் மாட்டிக்கிட்டு நிற்கும். பிறகு வண்டியை நகர்த்தவும் முடியாது.

வேலை செய்யும் முறையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக்கூடாது. ஹாலோ பிளாக்கை அடுக்கியும் போகக்கூடாது, அது பாரம் தாங்காமல் நொறுங்கும். இரண்டு ஜாக்கி ஸ்டாண்ட் வேண்டும். உயிரைவிட ஸ்டாண்ட் விலை பெரிதில்லை. எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்துங்கள். ஆயில் வெதுவெதுப்பாக இருந்தால் நன்றாக வடியும், கொதிக்கக் கொதிக்க இருந்தால் கை வெந்துவிடும். போல்ட் தலையை நேருக்கு நேர் பார்த்தபடி, ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்கிற பக்கமே திருப்புங்கள்.

பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கிட்டிருக்கா என்று கட்டாயம் பாருங்கள். ஒன்றின் மேல் ஒன்று இருந்தால் ஆயில் பீறிடும். புது ஃபில்டரின் வளையத்தில் விரலால் கொஞ்சம் ஆயில் தடவி, கையாலேயே மாட்டுங்கள். வளையம் தொட்ட பிறகு முக்கால் சுற்று போதும். கருவி கழற்றத்தான், இறுக்க இல்லை. டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு, முதலில் விரலால் மரை ஏற்றுங்கள். பலம் காட்டி இறுக்கினால் சேம்பரின் மரை போய்விடும். வண்டிப் புத்தகத்தில் சொன்ன ரக ஆயிலை, சொன்ன அளவு ஊற்றுங்கள். எஞ்சினை ஒரு நிமிடம் ஓடவிட்டு ஒழுகல் பாருங்கள். தலைப்பையும் பின்னலையும் முடிந்துகொண்டு பாருங்கள். நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக் எடுத்தால் ஆயில் இரண்டு கோட்டுக்கு நடுவில் இருக்கவேண்டும். ஃபில்டர் மேல் மார்க்கரால் தேதியும் கிலோமீட்டரும் எழுதிவிடுங்கள். இனி யார் கை வைத்தாலும் அது நமக்குச் சாட்சி.

பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், அடுப்பிலும் எரிக்காதீர்கள். அது நம் கிணற்றுக்கே வரும். மூடியுள்ள கேனில் பிடித்து, கழிவு ஆயிலைச் சேர்த்து மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் பணிமனையில் கொடுங்கள். வாரண்டி உள்ள புது வண்டி வைத்திருப்பவர்கள் கம்பெனி சர்வீஸிலேயே விடுங்கள். ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள். என்ன கருவி, என்ன நம்பர் என்று தெரிந்தால் யாரும் நம்மை ஏமாற்ற யோசிப்பார்கள்.

1989-ல் தருமபுரியில் மகளிர் குழுக்கள் தொடங்கியபோது, 'பொம்பளைங்களுக்கு பேங்க் கணக்கு எதுக்கு' என்று கேட்டவர்கள் உண்டு. நான் வண்டிக்கு அடியில் படுத்தபோதும் தெருவில் கேட்டார்கள். இப்போது அதே தெருவில் இரண்டு பேர் எங்கள் சாக்கெட்டை இரவல் கேட்கிறார்கள். கையெழுத்து வாங்கிக்கிட்டுத்தான் கொடுக்கிறோம்.

கூட்டமைப்புக்கு என் வேண்டுகோள் ஒன்று. ஒவ்வொரு குழுவும் தங்கள் உறுப்பினர்களின் வண்டி, டிரெயின் போல்ட் நம்பர், ஃபில்டர் அளவு மூன்றையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்கட்டும். அந்தப் பட்டியலைப் பார்த்து, தேவையான சாக்கெட், மூன்று கால் கருவி, இரண்டு ஸ்டாண்ட் மட்டும் வாங்கி, இருப்புப் பதிவேட்டில் ஏற்றி வைப்போம். பாத்திரமும் ஷாமியானாவும் பொதுவில் வைத்திருக்கிற நமக்கு இது புதிதில்லை. தீர்மானமாக வந்தால், முதல் பக்கம் எங்கள் குழு எழுதித் தரும். கழற்றிக் காட்ட நானும் வருகிறேன்.