துணி உடுத்தாமல் வந்த பொம்மை



காட்பாடியிலிருந்து திருப்பதிக்கு ரயிலில் போனவர்கள் பாகாலா ஜங்ஷனைப் பார்த்திருப்பீர்கள். சித்தூர் தாண்டி வரும். தர்மவரம் பாதை இங்கேதான் பிரிகிறது. 2022-ல் மாவட்டங்களைப் பிரித்தபோது சித்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி மாவட்டத்துக்குப் போன ஊர். தெலுங்கும் தமிழும் ஒரே வாக்கியத்தில் கலந்து புழங்கும் வட்டாரம். தமிழ்நாட்டிலிருந்து மலைக்குப் போன குடும்பங்கள் பல தலைமுறையாக இந்த வழியாகத்தான் மொட்டைத் தலையும் சந்தனமுமாகத் திரும்பின. பெட்டி இடுக்கில் வைத்த பைகளில் லட்டுக்குப் பக்கத்தில் இன்னொன்றும் இருக்கும். காகிதம் சுற்றிய ஒரு ஜோடி மரப்பாச்சி.

ஃபேஷன் பொம்மைகளைப் பற்றிய பேச்சென்றால் பார்பியிலிருந்து ஆரம்பிப்பதுதான் வழக்கம். பார்பிக்கு வருகிறேன். ஆனால் உடுத்தி, அலங்கரித்து, அழகு பார்ப்பதற்கென்றே செய்த பொம்மை நம் பக்கத்தில் வெகு காலமாக இருக்கிறது. அதை முதலில் பார்த்துவிடுவோம்.

மரப்பாச்சிக்கு உரிய மரம் செம்மரம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், சேஷாசலத்தை ஒட்டிய காடுகளில்தான் அது இயற்கையாக வளர்கிறது. அந்தக் கட்டையில் செதுக்கிய ஜோடிக்கு ராஜா, ராணி என்று பெயர். கைகள் உடம்போடு ஒட்டியிருக்கும். இடுப்பு என்று தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. மூக்கு ஒரு சின்ன மேடு, கண் ஒரு கீறல். உடம்பில் துணி கிடையாது. கடைக்காரர் கொடுப்பது கட்டையைத்தான். மிச்சம் குழந்தையின் பொறுப்பு.

அந்தப் பொறுப்பை நம் பெண் குழந்தைகள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். டெய்லர் கடையில் விழும் வெட்டுத்துணிக்குப் போட்டி. அம்மாவின் கிழிந்த பட்டுப் புடவையிலிருந்து ஒரு சாண் ஜரிகை. ராஜாவுக்கு அப்பாவின் பழைய கைக்குட்டையில் பஞ்சகச்சம். நவராத்திரி வருகிறதென்றால் கொலுவின் மேல் படிக்கு இவர்களைத் தயார் செய்வது சிறுமிகளின் வேலை. தைக்கத் தெரியாத விரலுக்குத் தையல் வந்தது அப்படித்தான். முகத்தில் எதுவும் தீர்மானமாக எழுதியிருக்காததால் இன்றைக்கு ராணிக்குக் கோபம், நாளைக்குக் காய்ச்சல், அதற்கு மறுநாள் அவளே பள்ளிக்கூட டீச்சர். பொம்மை மறுப்புச் சொல்லாது.

இதைக் கேட்டு மரப்பாச்சியை ஒரேயடியாகத் தூக்கிவைத்துக் கொண்டாடிவிட வேண்டாம். அதுவும் தன் பங்குக்குப் பாடம் நடத்திய பொம்மைதான். ராணி தனியாக விற்பனைக்கு வரமாட்டாள். ஜோடியாகத்தான் வருவாள், கல்யாணப் பெண்ணுக்குக் கொடுக்கும் சீரில் ஒன்றாகவும் போவாள். ஆகவே அவளை வைத்து ஆடிய பெரிய ஆட்டம் கல்யாணம். தெலுங்கு வீடுகளில் ‘பொம்மல பெள்ளி’ என்று சொல்வார்கள். பெண் வீடு, பிள்ளை வீடு என்று தெருக் குழந்தைகள் பிரிந்துகொள்வார்கள். சொப்புச் சாமானில் பந்தி நடக்கும். சீர் குறைந்ததென்று பிள்ளை வீட்டார் முறைத்துக்கொள்வதும் நடக்கும். பெரியவர்கள் சொல்லிக் கொடுக்காமலே குழந்தைகள் கற்றுக்கொண்ட விஷயம் அது. தமிழ்ச் சிற்றிலக்கியங்களில் குழமகன் என்றே ஒரு வகை உண்டு. பெண்கள் கையிலிருக்கும் மரப் பிள்ளையைக் கலிவெண்பாவில் புகழ்வது. விளையாட்டுக்குள் குடும்பத்தைக் கொண்டுவந்து வைப்பது நமக்குப் பழைய பழக்கம்.

இப்போது பார்பி. அமெரிக்காவில் ரூத் ஹேண்ட்லர் என்ற பெண்மணி, தன் மகள் பார்பரா காகிதப் பொம்மைகளை வளர்ந்த பெண்களாக வைத்து விளையாடுவதைக் கவனித்தார். கடைகளில் இருந்தவையோ பெரும்பாலும் கைக்குழந்தைப் பொம்மைகள். அதாவது சிறுமிக்குக் கிடைத்த ஒரே வேடம் அம்மா வேடம். ஜெர்மனியில் விற்ற லில்லி என்ற பொம்மையை முன்மாதிரியாக வைத்து, 1959 மார்ச் 9 அன்று நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் மேட்டல் நிறுவனம் பார்பியை அறிமுகம் செய்தது. உயரம் பதினொன்றரை அங்குலம். புருஷன் கிடையாது, பிள்ளை கிடையாது. நம் ராணிக்கு வாய்க்காத சுதந்திரம் அது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் 1965-ஆம் வருஷத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள். அந்த வருஷம் பார்பிக்கு விண்வெளி வீராங்கனை உடை வந்தது. மனிதன் நிலவில் கால் வைக்க இன்னும் நான்கு வருஷம் இருந்தது. அதே வருஷம் வந்த இன்னொரு தொகுப்பில் ஒரு குட்டி எடை மெஷினும் இருந்தது. முள் 110 பவுண்டில் நிற்கும், நம் கணக்கில் ஐம்பது கிலோ. கூடவே உடம்பு இளைக்க ஒரு கையேடு. அதற்குள் இருந்த ஆலோசனை, சாப்பிடாதே என்பதுதான். நிலவுக்கும் போகலாம், ஆனால் பட்டினியாகப் போக வேண்டும்!

மரப்பாச்சியிடமிருந்து பார்பி விலகுவது இந்த இடத்தில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பார்பியின் துணியை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். உடம்பையும் முகத்தையும் தொழிற்சாலை முடித்துக் கொடுத்துவிட்டது. அதன் பாதம்கூட வெகு காலம் குதிகால் உயர்ந்த செருப்புக்கென்றே வார்த்ததாக இருந்தது. பிடிமானம் இல்லாமல் நின்றதில்லை. துணி சிறுமியின் விருப்பம், அழகு கம்பெனியின் முடிவு. இந்தியாவில் புடவை கட்டிப் பொட்டு வைத்த பார்பிகளும் வந்தன. பொட்டு நம்முடையது, உடம்பு அதே உடம்பு.

இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆய்வு 2006-ல் வெளியானது. ஐந்து முதல் எட்டு வயது வரை உள்ள 162 சிறுமிகள். சிலருக்குப் பார்பி படங்கள், சிலருக்குச் சற்றுப் பருமனான பொம்மையின் படங்கள், மற்றவர்களுக்குப் பொம்மையே இல்லாத படங்கள். பார்பி படங்களைப் பார்த்த சின்னப் பெண்களுக்குத் தங்கள் உடம்பின் மேல் அதிருப்தி கூடியது. இன்னும் ஒல்லியாக வேண்டும் என்றார்கள். ஆய்வில் இருந்த மூத்த சிறுமிகளிடம் அந்த உடனடி பாதிப்பு தென்படவில்லை. பார்த்தது படங்களை, பொம்மையை வைத்து விளையாடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பொம்மை ஒன்றே பெண்ணைக் கெடுத்துவிட்டது என்று இதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

நிறத்தின் கதை இன்னும் கடுமை. 1940-களில் அமெரிக்க உளவியலாளர்களான கென்னத் கிளார்க்கும் மேமி கிளார்க்கும் கறுப்பினக் குழந்தைகள் முன் வெள்ளைப் பொம்மைகளையும் பழுப்புப் பொம்மைகளையும் வைத்து, எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளையைக் காட்டின. 1954-ல் பள்ளிகளில் நிறப் பாகுபாடு செல்லாது என்று தீர்ப்பளித்த அமெரிக்க உச்சநீதிமன்றம் இந்த ஆய்வையும் கருத்தில் கொண்டது. நம் நாட்டிலோ 1975-ல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி, பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்பதை எடுக்க 2020 வரை ஆயிற்று. இதில் ஒரு வேடிக்கை. நம் வீட்டு ராஜாவும் ராணியும் கருஞ்சிவப்பு. கை பட்டுப் பட்டு வருஷத்துக்கு வருஷம் இன்னும் கறுப்பார்கள். அவர்களுக்குப் பவுடர் பூசி வெளுக்க வைக்க யாருக்கும் தோன்றியதில்லை. ஆனால் அதே கொலுவுக்குச் சுண்டல் வாங்க வந்த சிறுமியைப் பார்த்து, கொஞ்சம் நிறம் மட்டு என்று சொல்ல நம் வீடுகளில் ஆள் இருந்தது.

மேட்டலும் மாறியது. 2016-ல் உயரம், குள்ளம், பருமன் என மூன்று புது உடல்வாகுகளும் ஏழு தோல் நிறங்களும் வந்தன. விற்பனை சரிந்துகொண்டிருந்த நேரம் அது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மரப்பாச்சிக்கு வேறு கஷ்டம். செம்மரக் கடத்தல் நமக்குத் தெரிந்த கதை. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் 20 பேர் செத்துப்போனார்கள். குழந்தை கையில் கொடுத்த மரம் அப்படிப்பட்ட மரமாகிவிட்டது. இப்போது கடையில் கிடைப்பதில் நிறைய வேறு மரம், சிவப்புச் சாயம். கைக்குழந்தை வாயில் வைக்கும் என்றால் விசாரித்து வாங்குங்கள்.

இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. பட்டுத் துணி தைத்து, குந்தன் நகை ஒட்டி, கல்யாணக் கோலத்தில் முழு அலங்காரத்தோடு மரப்பாச்சி இப்போது ஆர்டருக்குக் கிடைக்கிறது. வேலைப்பாடு பிரமாதம். செய்வது பெரியவர்கள், வாங்குவது பெரியவர்கள், பிரித்தால் கல் உதிர்ந்துவிடும் என்று குழந்தையிடம் கொடுப்பதில்லை. உடுத்தாத ஜோடியும் விற்கிறார்கள், விலையும் குறைவு. கேட்டால் எடுத்துத் தருவார்கள்.