வினைமுற்றுகளையும் தொகுப்போம்



வட்டாரத் தமிழின் வினை வடிவங்களை ஆராயும் இந்தக் கருத்தரங்கு புதுச்சத்திரத்தில் கூடியிருப்பது மிகப் பொருத்தம். சுற்றியுள்ள கோழிப்பண்ணைகளிலும் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளிலும் வடமாநிலத் தொழிலாளர் பலர் இன்று தமிழ் பேசப் பழகுகிறார்கள். அவர்கள் பாடநூலைப் பார்த்துப் பழகவில்லை, நம் பேச்சைக் கேட்டுப் பழகுகிறார்கள். அந்தப் பேச்சின் இலக்கணத்தை நாம் முழுமையாக எழுதி வைத்திருக்கிறோமா?

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். 'வந்தானுங்க' என்றால் பிற வட்டாரங்களில் பலர் வந்தார்கள் என்று பொருள். அதில் மரியாதைக் குறைவும் உண்டு. கொங்கு நாட்டிலோ வந்தவன் ஒருவன்தான். '-ஆன்' விகுதி வந்தவனைச் சுட்டுகிறது. அதன்மேல் ஏறும் 'ங்க' கேட்பவருக்குத் தரும் மரியாதை. 'வரேனுங்க' என்பதிலும் இதே அமைப்புத்தான். எழுவாய்க்கு ஒரு விகுதி, எதிரில் நிற்பவருக்கு ஓர் ஒட்டு. இவ்வளவு நுட்பமான விதியைப் 'பேச்சுக் கொச்சை' என்று ஒதுக்குவது அறிவுக்கு அழகல்ல.

'வரோணும்' என்பதும் அப்படியே. 'வர வேணும்' சுருங்கியபோது மற்ற இடங்களில் 'வரணும்' ஆயிற்று. இங்கே நெட்டுயிர் ஓகாரமாக நின்றுவிட்டது. மற்றவர் 'சொல்லிட்டு வந்தேன்' என, நாம் 'சொல்லிப்போட்டு வந்தேன்' என்கிறோம், துணைவினையே வேறு. 'வருகிறார்கள்' என்பது மதுரைப் பக்கம் 'வர்றாய்ங்க', நெல்லையில் 'வாராவ', யாழ்ப்பாணத்தில் 'வருகினம்'. ஒவ்வொன்றும் தனக்குரிய ஒழுங்கில் இயங்குகிறது.

முன்னோர் இதைக் கவனிக்காமல் இல்லை. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டிலேயே செந்தமிழுக்கும் கொடுந்தமிழுக்கும் தனித்தனியே இலத்தீனில் இலக்கணம் எழுதினார். 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன், வினை எந்த வாய்பாட்டில் அடங்கும் என்பதை எண்ணிட்டே காட்டியது. ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942இல் இம்மண்ணின் பேச்சை நாவலுக்குள் கொண்டுவந்தது. பெருமாள்முருகன் 2000இல் கொங்கு வட்டாரச் சொல்லகராதியைத் தந்தார். ஆனால் சொற்களைத் தேடித் தொகுத்த அக்கறையோடு வினை வாய்பாடுகளை நாம் இன்னும் தொகுக்கவில்லை.

வேல்ஸ் நாட்டு அனுபவம் நமக்குப் பாடமாகட்டும். வெல்ஷ் மொழியில் 'என்னிடம் இருக்கிறது' என்பதை வடக்கே ஒரு விதமாகவும் தெற்கே வேறு விதமாகவும் சொல்கிறார்கள். 1960களில் கற்போருக்கென ஒரு பொதுப் பேச்சுவடிவை வகுத்துப் பார்த்தார்கள். எந்த ஊராரும் அப்படிப் பேசுவதில்லை என்ற குறை எழுந்தது, முயற்சி நிலைக்கவில்லை. இன்று அங்கே பாடநூல்களே வடக்குக்கு ஒன்று, தெற்குக்கு ஒன்று என வருகின்றன. கற்பவர் தாம் வாழும் ஊரின் வடிவத்தில் தொடங்கி மற்றதை அறிகிறார். எழுத்துத் தமிழின் பெருமை குன்றாமலே இதை நாமும் செய்ய முடியும்.

கட்டுரை படிக்க வந்திருப்போருக்கு என் வேண்டுகோள் இதுதான். ஒரு வினையை எடுத்தால் மூவிடத்திலும் முக்காலத்திலும், எதிர்மறையிலும் ஏவலிலும் முழுமையாகக் காட்டுங்கள். பேசியவரின் ஊரையும் வயதையும் குறியுங்கள். கேட்டதைத் திருத்தாமல் அப்படியே எழுதுங்கள். மாணவர்களே, பாட்டிமார் பேசும் வடிவங்களை ஒலிப்பதிவு செய்யும் பொறுப்பு உங்களுடையது. கற்க வருபவர் கையில் கொடுக்கத்தக்க ஒரு கொங்குத் தமிழ் வினை வாய்பாட்டு நூலுக்கு இக்கருத்தரங்கு அடித்தளம் இடட்டும் என்று வேண்டி, முதல் அமர்வைத் தொடங்கிவைக்கிறேன்.