துக்கத்தில் துணை நிற்றல்

(செட்டிகுளத்தில் நடைபெற்ற சங்க ஆண்டுவிழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



விழா நாளிலே துக்கத்தைப் பற்றிப் பேசுவது பொருந்துமோ எனச் சிலர் எண்ணக்கூடும். ஆயினும் செட்டிகுளத்தில் வாழும் நாம் இதனைப் பேசாது விடுதல் தகாது. 2009 ஆம் ஆண்டிலே வன்னிப் போரில் உயிர் தப்பி வந்தோருள் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நமது பிரதேசத்து மெனிக் பாம் முகாமிலே அடைபட்டிருந்தனர். இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி, கதிர்காமர் என்ற பெயர்களை அதன் பிரிவுகள் தாங்கி நின்றன. 2012 செப்டெம்பரிலே முகாம் மூடப்பட்டது. கூடாரங்களைக் கழற்றிவிட்டனர். ஆனால் அங்கிருந்தோர் சுமந்து வந்த துக்கத்தை யார் இறக்கி வைத்தனர்?

துக்கத்தைத் தனியொருவர் தலையிலே சுமத்தலாகாது என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயலவரே தேநீரும் சோறும் கொண்டுவருவர். பந்தலிடுவார் ஒருவர், விறகு சேர்ப்பார் ஒருவர். பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைப்பர். வாய்விட்டு அழுவதை எவரும் குறையாகக் கொள்ளார். சுண்ணம் இடிக்கையில் திருப்பொற்சுண்ணம் பாடப்படும். பின்னர் காடாற்று, எட்டுச் செலவு, முப்பத்தொன்றாம் நாள் அந்தியேட்டி, ஓராண்டு நிறைவில் ஆட்டைத் திவசம் என முறை வைத்தனர். அதன் பின்பும் தந்தையை இழந்தோர்க்கு ஆடி அமாவாசை, தாயை இழந்தோர்க்குச் சித்திரா பூரணை. கீரிமலையிலும் திருக்கேதீச்சரத்துப் பாலாவியிலும் தீர்த்தமாடி நிற்கும் ஒவ்வொருவரும், தம்மைப் போல் இழந்தவர் பலரைத் தம் அருகே காண்கின்றனர்.

இக்கிரியைகளால் இறந்தோர் நற்கதி அடைவர் என்பது நமது நம்பிக்கை. இருப்போர்க்கும் அவற்றால் ஒரு பெரும் நன்மை உண்டு. எந்தெந்த நாளில் மனிதர் வந்து அவ்வீட்டிலே கூடவேண்டும் என்பதை அவை விதித்துவிடுகின்றன. துக்கமுற்றவர், "என்னிடம் வாருங்கள்" என்று எவரையும் இரந்து கேட்க வேண்டியதில்லை.

போர் இம்முறையைக் குலைத்தது. முள்ளிவாய்க்காலிலே பெற்ற பிள்ளையை மண்ணிலே விட்டு, கொள்ளி வைக்காமலும் திரும்பிப் பாராமலும் நடந்து வந்தோர் பலர். முகாமிலே ஒவ்வொரு கூடாரமும் துக்கவீடாயிருக்க, யார் யாருக்குச் சோறு கொண்டுசெல்வது?

இவர்களிலும் கொடிய நிலையிலுள்ளோர் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர். 2017 பெப்ரவரியிலே கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அவர்கள் தொடர் போராட்டம் தொடங்கினர். விடை அறியாமலே கண்மூடிய பெற்றோரும் அவர்களுள் உளர். அமெரிக்க அறிஞரான பாலின் பாஸ் என்னும் அம்மையார், வியட்நாம் போரிலே காணாமற்போன வீரர்களின் குடும்பங்களை ஆராய்ந்து, இத்தகைய துயரத்தைத் தெளிவற்ற இழப்பு எனப் பெயரிட்டார். இறந்தார் என்று அழவும் இயலாது, வருவார் என்று ஆறவும் இயலாது. ஆகவே அத்தகைய தாயொருத்தியிடம், "காரியத்தைச் செய்து முடித்துவிடு" என்று நாம் வற்புறுத்தலாகாது. பொட்டு வைத்துக் காத்திருக்கும் மனைவியை அதன்பொருட்டுப் பழித்தலும் ஆகாது.

மகாபாரதத்தை நோக்குவோம். போர் முடிந்த களத்திலே காந்தாரி முதலாய பெண்கள் கதறி அழுவதற்கென்றே ஸ்திரீ பர்வம் என ஒரு பர்வம் அமைந்துள்ளது. உறவினர் அற்று விழுந்துகிடந்தவர்க்கும் ஈமக்கடன் செய்யுமாறு தருமர் விதுரர் முதலியோரை ஏவினார். பகைவர் பக்கத்தார் என்று ஒதுக்கினாரில்லை. பின்னர் தருமரே துயரிலே ஆழ்ந்தார். தம்பியரும் திரௌபதியும் தேற்றினர். வியாசரும் கண்ணபிரானும் தேற்றினர். ஒரு நாளிலே அவர் தேறிவிடவில்லை. பதினெட்டுப் பர்வங்களுள் மிக நீண்டது, போர் நிகழும் பர்வமன்று. அதன் பின் வரும் சாந்தி பர்வமே. ஆறுதலுக்கு எவ்வளவு காலம் வேண்டும் என்பதை இதனின் தெளிவாக எவர் உணர்த்துவர்?

இளைஞர்களே, இனி நமது கடமையைச் சிந்திப்போம். செத்தவீட்டிலே நாம் குறைவின்றி உழைக்கிறோம். கதிரை அடுக்குகிறோம், பந்தல் போடுகிறோம். அந்தியேட்டி முடிந்து பந்தல் கழற்றிய மறுநாளோ அவ்வீட்டு வாசலில் எவரையும் காணோம். உண்மையான தனிமை அன்றுதான் தொடங்குகிறது. முப்பத்திரண்டாம் நாளிலே செல்பவனே உற்ற துணைவன்.

சென்று என்ன செய்வது? சைவ சித்தாந்தம் கற்ற நாம், வினைப்பயன் என்றும் விதி என்றும் உடனே உபதேசிக்கத் தொடங்குகிறோம். பிள்ளையை இழந்தவளுக்கு அது குற்றச்சாட்டாகவே கேட்கும். தத்துவம் பின்னர் ஆகுக. முதலில் அருகே இருப்போம். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுவோம். அதே கதையைப் பத்தாம் முறை சொன்னாலும் கேட்போம். வேலி சரிந்திருந்தால் கட்டிக் கொடுப்போம். வைத்தியசாலைக்கோ கச்சேரிக்கோ துணை போவோம். கணவனை இழந்த சகோதரியரை மங்கல காரியங்களில் ஒதுக்கும் வழக்கத்தை இச்சங்கத்தின் விழாக்களிலாவது ஒழித்து, அவர்கள் கையாலும் விளக்கேற்றச் செய்வோம்.

மாதங்கள் பல கடந்தும் உணவும் உறக்கமும் இன்றி ஒருவர் வாடினால், உயிரையே வெறுத்துப் பேசினால், அதனை மறைத்தல் பிழை. வைத்தியரிடம் அழைத்துச் செல்லவேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தை ஒவ்வோர் இளைஞரும் மனத்திலிருத்துக.

நமது ஊரிலே அந்தியேட்டி முடிந்த வீடுகள் எவை, அந்தியேட்டியே செய்ய இயலாத வீடுகள் எவை என்பதை நாமெல்லாரும் அறிவோம். இருவர் இருவராகப் பிரிந்து, மாதம் ஒரு முறையேனும் அவ்வீடுகளுக்குச் சென்று வருவோமென இவ்வாண்டு உறுதி பூணுவோமாக. எல்லாம் வல்ல இறைவன் அதற்குத் திருவருள் புரிவானாக.